தலைகீழாய்ப் பார்த்தவன்

இடைவேளை பன்னிரண்டு நிமிடம்.
பேண்டு வாத்தியத்துக்கு எட்டு,
எங்களுக்கு நான்கு.
முப்பத்தொரு பேர்.
வரிசையில் நிற்கும்போதே கணக்குப் போட்டேன்:
ஆளுக்கு ஏழு விநாடி, சொச்சம்.

ஹார்லன் ஃபோர்க் கல்லூரிக்கு
ஐம்பது வருடம் கழித்து எங்கள் ஞாபகம்.
அறுபத்தொன்பதாம் ஆண்டு அணி.
பத்து ஆட்டம், பத்து வெற்றி.
நீலத் தொப்பி கொடுத்தார்கள்;
என் தலைக்குச் சின்னது.
நெப்ராஸ்காவின் அக்டோபர் காற்று
அறுத்த சோளக்காட்டுத் தூசியை
எங்கள் மூக்குக்கண்ணாடிகளில் அப்பிவிட்டுப் போகிறது.

நான் ஐம்பத்து நான்காம் எண்.
குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே
பந்தைப் பின்னால் விடுகிறவன்.
அந்த வெற்றிகளைக் கண்ணால் கண்டேன் என்று
என்னால் சத்தியம் செய்ய முடியாது.
நான் கண்டது வேறு:
புல்தரை மேலே,
மேகம் கீழே,
பதினான்கு கஜம் தள்ளி
வௌவால்போல் தொங்கியபடி
கைநீட்டி நிற்கும் எமில் ஹ்ருஷ்கா.

கால்பந்து என்று பெயர்.
உதைக்கத் தெரிந்தவன் எங்களில் அவன் ஒருவன்தான்.
மூன்று முயற்சியிலும் பத்து கஜம் நகராதபோது
எங்கள் இருவரையும் கூப்பிடுவார்கள்.
கோச் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்.
பந்தை எதிராளிக்கே கொடுத்துவிடுவது,
ஆனால் எட்டாத தூரத்தில் கொடுப்பது,
அதுதான் எங்கள் வேலை.
அந்தப் பருவத்தில் நாற்பத்தொரு தடவை.
கேடயத்தில் அந்த எண் இல்லை.
தோற்காத அணி தோற்ற நேரங்களை
எண்ணி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் இப்போது.

எமில் உதைக்கும் முன் மூக்கை உறிஞ்சுவான்.
அந்தச் சத்தம் கேட்டால் பந்தை விடுவேன்.
இத்தனை கூச்சலில் எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள்.
கேட்டது.

நவம்பரில் ஆட்டங்கள் முடிந்தன.
டிசம்பர் முதல் நாள் இரவு
விடுதியின் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி முன்
அதே அணி, அதே பெஞ்சு வரிசை.
கண்ணாடிச் சாடிக்குள் யாரோ கைவிட்டுப்
பிறந்தநாட்களை எடுத்தார்கள்.
அதுவரை எங்களுக்கு எண் கொடுத்தது
உள்ளூர்த் தையற்கடை.
அன்றிலிருந்து ராணுவம்.
ராய்ஸ் டில்குவிஸ்டுக்கு முந்நூறுக்கு மேல்;
அவன் பாப்கார்னை வாரி இறைத்தான்.
எனக்கு இருநூற்றுத் தொண்ணூறு.
எமிலுக்குப் பதினேழு.
அவன் மூக்கை உறிஞ்சினான்.
அன்று என் கையில் பந்து இல்லை.

இப்போது ஒலிபெருக்கிப் பையன்
வேகவேகமாக வாசிக்கிறான்.
ராய்ஸுக்குக் கைதட்டல் இருபது விநாடியைத் தின்றது.
என் பெயரைச் சரியாகச் சொன்னான்,
என் மகள் எங்கோ விசிலடித்தாள்.
அடுத்து,
"ஒன்பதாம் எண், எமில்... ஹூ... ருஸ்கா."
தாமதமாக வருகிறவனைப்போல் ஒரு பெயர்.
இரண்டு விநாடி.
மிச்சம் ஐந்தை
வைத்துக்கொள்ள இடமில்லாமல் நின்றேன்.
ஓரத்தில் டிரம்பட்டுகள் வாயில் ஏறிவிட்டன.

யோசித்துச் செய்ததில்லை.
செயற்கை முழங்கால், எழுபத்தொரு வயது,
தொப்பி கழன்று விழுந்தது.
குனிந்து
கால்களுக்கு நடுவே பார்த்தேன்.

மேகம் கீழே இருந்தது.
புல் மேலே.
பதினான்கு கஜத்தில் யாருமில்லை.
அதற்கும் பின்னால், எல்லைக்கோட்டருகே,
இந்த வருடத்து உதைக்காரப் பையன்
காலை உதறிச் சூடேற்றிக்கொண்டிருந்தான்.
குனிந்த கிழவனைப் பார்த்தான்.
அவனும் யோசித்திருக்கமாட்டான்:
இரண்டு கைகளையும்
முன்னால் நீட்டிவிட்டான்.

"வெர்லின், நெஞ்சு வலியா?" என்று கத்தி
ராய்ஸ் என் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினான்.
பேண்டு உள்ளே வந்துவிட்டது.
டியூபாக்களுக்கு வழிவிட்டு
நாங்கள் ஓரமாக நடந்தோம்,
யாருடையதென்று தெரியாத ஒரு தொப்பியை
நான் மாட்டிக்கொண்டு.
இது பொருந்தியது.